நடுக்கடலில் பிடிபட்டால் எந்த நாட்டு நீதிமன்றம்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 23. மாலுமிப் பயிற்சி முடித்து, சிடிசி என்ற மாலுமிப் பணிப்புத்தகம் வாங்கிவிட்டு ஒன்றரை வருடமாக வேலைக்குக் காத்திருக்கிறான். எங்கள் ஊருக்கு வந்துபோகும் ஓர் ஏஜெண்ட், ஷார்ஜாவில் ஒரு சிறிய சப்ளைக் கப்பலில் இடம் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுத்தால் இரண்டு வாரத்தில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். கப்பல் எந்த நாட்டுக் கொடியின்கீழ் பதிவானது என்று கேட்டால், "கொடி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஏறும்போது தெரியும்" என்று சொல்கிறார். ஈரான் பக்கம் போகிற கப்பல்களில் போதைப்பொருள் பிடிபடுவதாகச் செய்தி வருகிறதே என்று அப்பா கேட்டார். "நடுக்கடலில் எந்த நாட்டுச் சட்டமும் செல்லாது, வேறு நாட்டுக் கப்பலில் எவனும் ஏற முடியாது" என்று பதில் வந்தது. இது உண்மையா? தம்பிக்குத் தெரியாமலே கப்பலில் ஏதாவது இருந்து பிடிபட்டால், அவனை எந்த நாடு விசாரிக்கும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்க வேண்டிய கேள்வியை உங்கள் அப்பா கேட்டுவிட்டார். ஏஜெண்ட் சொன்ன பதிலில் ஒரு பாதி, வேறொரு சூழ்நிலையில் உண்மையாக இருக்கக்கூடியது. மறுபாதி முழுப் பொய். உங்கள் தம்பி ஏறப்போவதாகச் சொல்லப்படும் கப்பலுக்கு அந்த உண்மைப் பாதியும் பொருந்தவில்லை என்பதால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கடலில் ஒரு நாட்டின் அதிகாரம் கரையிலிருந்து விலக விலகக் குறைந்துகொண்டே போகும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடல். அந்தப் பரப்பைக் கடந்துபோகும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறிக் குற்ற நடவடிக்கை எடுப்பதைக் கரைநாடு பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு சொன்னாலும், அதற்கு விலக்காக அந்தப் பிரிவே குறிப்பிடும் நான்கு சூழல்களில் ஒன்று போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பது. ஆகவே ஓமான் கரையிலிருந்தோ ஈரான் கரையிலிருந்தோ பத்து மைலில் கப்பல் நின்றால், கொடி எதுவாயினும் அந்த நாட்டுக் காவலர்கள் ஏறலாம், கைது செய்யலாம், தங்கள் நீதிமன்றத்திலேயே நிறுத்தலாம். அந்த வட்டாரத்து நாடுகள் பலவற்றில் போதைப்பொருள் குற்றத்துக்கு மரண தண்டனை வரை உண்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

12 மைலுக்கு அப்பால் 200 மைல் வரை இருப்பது தனிப்பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் கரைநாட்டுக்கு உரியவை. ஆனால் கப்பல் போக்குவரத்தையும் அதன்மேல் காவல் செய்வதையும் பொறுத்தவரை, நடுக்கடலுக்கான விதிகளே பெரும்பாலும் அங்கும் செல்லும். உங்கள் மாவட்டத்தில் இதை மறந்தவர் இருக்க முடியாது. 2012 பிப்ரவரியில் கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைலில் இத்தாலியக் கப்பலில் இருந்து சுடப்பட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்தவர். அந்த வழக்கை எந்த நாடு விசாரிப்பது என்ற ஒரே கேள்விக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 2020இல்தான் பன்னாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வந்தது. கரையிலிருந்து எத்தனை மைல் என்ற கணக்கு ஒரு குடும்பத்தின் நீதியை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நடுக்கடலுக்கு வருவோம். அங்கே அடிப்படை விதி எளிமையானது. ஒரு கப்பல் ஒரே ஒரு நாட்டின் கொடியின்கீழ்தான் ஓட வேண்டும். நடுக்கடலில் அந்தக் கப்பலின் மீதும் அதில் உள்ளவர்கள் மீதும் அந்தக் கொடி நாட்டுக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. 92ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. லைபீரியக் கொடி பறக்கும் கப்பலின் மேல்தளம், அதில் லைபீரியர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும், சட்டத்தின் கண்ணுக்கு லைபீரியாவின் அதிகாரத்துக்கு உட்பட்ட இடம். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. கடற்கொள்ளையா, எந்த நாட்டுப் போர்க்கப்பலும் பிடிக்கலாம், பிடித்த நாட்டு நீதிமன்றமே தண்டிக்கலாம். இந்தியாவும் 2022இல் அதற்கென்று தனிச்சட்டம் இயற்றியது. அடிமை வணிகம், அனுமதியற்ற ஒலிபரப்பு, எந்த நாட்டையும் சேராத கப்பல் என்று ஐயம் எழுந்தால், ஏறிச் சோதிக்க 110ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் போதைப்பொருள் இல்லை. போதைப்பொருளுக்கென்று தனியாக இருக்கும் 108ஆம் பிரிவு, நாடுகள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. யாருக்கும் ஏறும் உரிமையைக் கொடுக்கவில்லை.

ஏஜெண்ட் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். முறையான பதிவு உள்ள ஒரு வெளிநாட்டுக் கப்பலில், கடத்தல் நடக்கிறது என்ற ஐயம் மட்டும் இருந்தால், இன்னொரு நாட்டின் போர்க்கப்பல் தன் விருப்பப்படி ஏறிவிட முடியாது. ஆனால் கொடி நாட்டைக் கேட்டுக்கொண்டு ஏறலாம். 1988இல் வியன்னாவில் உருவான போதைப்பொருள் கடத்தல் தடுப்பு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு இதற்கான வழியை வகுத்துள்ளது. இந்தியாவும் ஈரானும் பாகிஸ்தானும் உட்பட உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. ஐயப்படும் நாடு, "இந்தக் கப்பல் உங்களுடையதுதானா?" என்று கொடி நாட்டைக் கேட்கும், ஆம் என்றால், "ஏறிச் சோதிக்கவும், பொருள் கிடைத்தால் கப்பல் மீதும் ஆட்கள் மீதும் நடவடிக்கை எடுக்கவும் அனுமதி தருவீர்களா?" என்று அடுத்துக் கேட்கும். கொடி நாடு அனுமதிக்கலாம், மறுக்கலாம், நிபந்தனை விதிக்கலாம். ஒவ்வொரு நாடும் இதற்கென்று ஓர் அலுவலகத்தை நியமித்து விரைந்து பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. அனுமதி கிடைத்தபின் ஏற வேண்டியவை போர்க்கப்பல்களோ, அரசுப் பணி அடையாளம் தெளிவாகத் தெரியும் கலங்களோதான்.

இந்த அனுமதி கப்பலில் இருப்பவரைக் கேட்டுக் கொடுக்கப்படுவதில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு தலைநகரங்களுக்கு இடையே தொலைபேசியிலும் தூதரகக் குறிப்பிலும் முடிகிற காரியம் அது. மாலுமியின் தலையெழுத்து அந்தக் குறிப்பில் உள்ள சில வரிகளில் அடங்கியிருக்கும். அந்த வரிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, என்னிடம் ஆலோசனைக்கு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு வழக்கு உண்டு.

'வின்னர்' என்ற சரக்குக் கப்பல் கம்போடியக் கொடியின்கீழ் பதிவானது. 2002 ஜூனில், கேப் வெர்டி தீவுகளுக்கு அப்பால், அட்லாண்டிக் நடுக்கடலில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் அதை மறித்தது. போதைப்பொருள் உடன்படிக்கையில் கம்போடியா அப்போது சேர்ந்திருக்கவில்லை. எனவே பிரான்ஸ் தூதரகம் வழியாகத் தனியே கேட்டு, ஒரு தூதரகக் குறிப்பில் சம்மதம் வாங்கியிருந்தது. கப்பலில் இருந்து சில மூட்டைகள் கடலில் வீசப்பட்டன. மீட்கப்பட்ட மூட்டையில் கொகெய்ன் இருந்தது. ஏறும்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் காயமடைந்த மாலுமி ஒருவர் பின்னர் இறந்துபோனார். மற்றவர்கள் தங்கள் அறைகளில் காவலில் வைக்கப்பட்டு, 13 நாள் பயணத்தில் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அதற்குப் பிறகே நீதிபதி முன் நிறுத்தப்பட்டார்கள். உக்ரைன், ருமேனியா, கிரீஸ், சிலி என்று பல நாட்டவர் அவர்களில் இருந்தார்கள். பிரான்சுக்கும் அவர்களுக்கும், பிரான்சுக்கும் அந்தச் சரக்குக்கும் அதுவரை எந்தத் தொடர்பும் இல்லை.

அவர்களில் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2010 மார்ச் 29 அன்று பெரிய அமர்வு தீர்ப்பளித்தது. கம்போடியாவின் குறிப்பு கப்பலை நிறுத்தவும் சோதிக்கவும் நடவடிக்கை எடுக்கவும் சம்மதம் கொடுத்ததே தவிர, அதில் இருந்த ஆட்களைச் சிறைப்படுத்துவது பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. ஒரு மனிதனின் விடுதலையைப் பறிக்கும் சட்டம் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே அந்த 13 நாள் காவல் சட்ட அடிப்படை இல்லாதது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மாலுமிகள் வென்றார்கள். ஆளுக்கு 5,000 யூரோ இழப்பீடு கிடைத்தது. ஆனால் கரைக்கு வந்தபின் நீதிபதி முன் நிறுத்தியதில் தாமதம் இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்சில் தண்டிக்கப்பட்டவர்களின் தண்டனையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஒரு சொல் விடுபட்டதற்காகக் கிடைத்த இவ்வளவு பெரிய வெற்றியும் அவர்களுக்கு விடுதலையைத் தரவில்லை. இதற்கு முன்பே, 1999இல், பனாமாக் கொடிக் கப்பலில் பிடிபட்டு 16 நாள் கடல்வழியாக ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒருவரின் முறையீட்டை, தூரம் அப்படி, வேறு வழியில்லை என்று அதே நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கொடி உள்ள கப்பலுக்கு. கேட்பதற்கு ஒரு நாடு இருக்கிறது. அந்த நாடு வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கிறது. "கொடி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்" என்று உங்களிடம் சொல்லப்பட்ட கப்பலுக்கு அந்த ஒரு பாதுகாப்பும் கிடையாது. சகோதரி, நான் பயப்படுவது இந்த இடத்தில்தான்.

பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிய பதிவு கிடைக்காமல் ஓடும் கப்பலும், இல்லாத பதிவகத்தின் போலிச் சான்றிதழோடு ஓடும் கப்பலும், வசதிக்கேற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றி ஏற்றும் கப்பலும் சட்டத்தின் கண்ணில் நாடற்ற கப்பலாகவே கருதப்படக்கூடியவை. கம்பத்தில் ஒரு துணி பறப்பதால் மட்டும் கப்பலுக்கு நாடு வந்துவிடாது. 1946இல் பாலஸ்தீனத்துக்கு அகதிகளை ஏற்றிவந்த 'ஆஸியா' என்ற கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் கண்டபோது அதில் கொடியே இல்லை. நெருங்கியதும் துருக்கிக் கொடி ஏறியது. ஏறிச் சோதிக்கப்போகும் நேரத்தில் அதை இறக்கிவிட்டு, யூதர்களுக்குத் தனிநாடு கேட்ட சியோனிய இயக்கத்தின் கொடியை ஏற்றினார்கள். எந்தக் கொடிக்கும் தாள் இல்லை. அந்த வழக்கு 1948இல், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கான உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனபோது, கடலின் சுதந்திரம் என்பது ஒரு நாட்டின் கொடியைப் பறக்கவிடும் உரிமையுள்ள கப்பல்களுக்கே உரியது என்று சொல்லிப் பறிமுதலை உறுதி செய்தார்கள். அகதிகளை ஏற்றிய அந்தக் கப்பலுக்கும் கடத்தல் கப்பலுக்கும் நியாயத்தில் எந்த ஒப்பும் இல்லை. ஆனால் சட்டத்தில் அன்று வகுத்த பாதையில்தான் இன்று கடத்தல் வழக்குகளும் நடக்கின்றன.

இந்தப் பாதையில் வெகுதூரம் போயிருக்கும் நாடு அமெரிக்கா. 1986இல் அந்த நாடு இயற்றிய கடல்வழிப் போதைப்பொருள் சட்டத்தின்படி, நாடற்ற கப்பல் உலகின் எந்த நடுக்கடலில் இருந்தாலும் அமெரிக்க அதிகாரத்துக்கு உட்பட்டது. அதில் உள்ள சரக்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்பதுகூட இல்லை. நாடற்ற கப்பல் என்று முடிவு செய்யும் முறையைப் பாருங்கள். கடலோரக் காவல் படையின் படகு பக்கத்தில் வந்து நிற்கிறது. "கேப்டன் யார்? இந்தக் கப்பல் எந்த நாட்டுடையது?" என்று கேட்கிறார்கள். கேப்டன் பதில் சொல்லாமல் நின்றால், அது நாடற்ற கப்பல். ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, அந்த நாடு இல்லை என்று மறுத்தால், நாடற்ற கப்பல். அந்த நாடு மறுக்காமல், "இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று பதில் சொன்னாலும் நாடற்ற கப்பல்தான். ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதிசெய்தால் ஒழிய அந்தச் சட்டம் ஏற்பதில்லை. சிறு நாடுகளின் பதிவகங்களில் நள்ளிரவில் வரும் தொலைபேசிக்கு இப்படி மழுப்பலான பதில் வருவது எவ்வளவு இயல்பு என்று யோசித்துப் பாருங்கள்.

கொடி நாடு சம்மதித்த வழக்குகளில், அந்தச் சம்மதம் வானொலியிலோ தொலைபேசியிலோ வந்தாலும் போதும். வந்தது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டால் நீதிமன்றம் அதற்குமேல் ஆராயாது. நடவடிக்கை பன்னாட்டுச் சட்டத்துக்கு விரோதமானது என்ற வாதத்தைக் கைதானவர் எழுப்ப முடியாது, வேறொரு நாடு மட்டுமே எழுப்பலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கப்பலுக்கு நாடே இல்லை என்றால் அந்த வாதத்தை எழுப்ப எந்த நாடு வரும்? ஐந்து கிலோவுக்கு மேல் கொகெய்ன் என்றால் பெரும்பாலும் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டுகள். அமெரிக்க நீதிமன்றங்கள் இந்தச் சட்டத்துக்கு எல்லையே வகுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பனாமாவின் 12 மைலுக்குள் பிடிபட்ட படகோட்டிகளின் தண்டனையை 2012இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் நடுக்கடலில் பிடிபட்ட நாடற்ற கலங்களுக்கு அத்தகைய தளர்வை நான் பார்க்கவில்லை. நாடற்ற கப்பலில் ஏறிச் சோதிக்கும் உரிமையே தண்டிக்கும் உரிமையும் ஆகிவிடுமா என்று கடல்சட்ட அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகாது என்பதே என் கருத்தும். ஆனால் உங்கள் தம்பியின் வாழ்க்கையை அந்த வாதத்தின் முடிவை நம்பி அடகு வைக்க முடியாது.

அரபிக் கடலில் நிலைமை சற்று வேறு என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஈரானின் மக்ரான் கரையிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கி ஹெராயினும் மெத்தம்பெட்டமைனும் ஏற்றிப்போகும் மரக்கலங்களை, பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கடற்படைக் கூட்டணி அடிக்கடி மறிக்கிறது. 2014 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'டார்வின்' கென்யக் கரைக்கு அப்பால் ஒரே கலத்தில் 1,032 கிலோ ஹெராயின் பிடித்தது. இத்தகைய கலங்களில் பெரும்பாலும் சரக்கைக் கடலிலேயே அழித்துவிட்டு, ஆட்களை விட்டுவிடுகிறார்கள். எந்த நாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு விடை இல்லாததே காரணம். இது கருணையால் வந்தது இல்லை. ஏற்றுக்கொள்ளும் நாடு ஒன்று முன்வந்துவிட்டால் நிலைமை ஒரே நாளில் மாறும். வேறொரு கடலில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள்: 2025 செப்டம்பர் முதல் கரீபியக் கடலிலும் கிழக்குப் பசிபிக்கிலும் கடத்தல் படகுகள் என்று சொல்லி அமெரிக்கப் படை படகுகளையே தாக்கி அழித்திருக்கிறது, ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஏறிச் சோதிப்பது, பிடிப்பது, விசாரிப்பது என்று நான் இவ்வளவு நேரம் விளக்கிய சட்டம் எதிலும் அதற்கு இடமில்லை. அது சட்டவிரோதம் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

இனி, ஏஜெண்ட் உங்களிடம் சொல்லாமல் விட்ட இன்னொன்று. கப்பலுக்குக் கொடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் தம்பி இந்தியக் குடிமகன். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் முதல் பிரிவே, இந்தியாவுக்கு வெளியே இருக்கும் எல்லா இந்தியக் குடிமக்களுக்கும், இந்தியாவில் பதிவான கப்பல்களில் எங்கு இருந்தாலும் அதில் உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும் என்கிறது. எனவே வெளிநாட்டுக் கப்பலில், நடுக்கடலில், வெளிநாட்டுக் கேப்டனின்கீழ் வேலை செய்தாலும் நம் நாட்டுச் சட்டம் அவரோடு கூடவே போகிறது. 2017 ஜூலை இறுதியில் குஜராத்துக்கு அப்பால் 'ஹென்றி' என்ற இழுவைக் கப்பலை நம் கடலோரக் காவல் படை மறித்து ஏறத்தாழ 1,500 கிலோ ஹெராயின் கைப்பற்றியது நினைவிருக்கலாம். அது பனாமாவில் பதிவான கப்பல். அதில் இருந்த எட்டுப் பேரும் இந்தியர்கள். வெளிநாட்டுக் கப்பலில் வெளிநாட்டவர் மட்டும் இருந்து, 12 மைலுக்கு வெளியே பிடிபட்டால், இந்தச் சட்டம் அங்கே நீளுமா, அதற்கான அறிவிக்கை இருக்கிறதா என்று அவர்களுடைய வழக்கறிஞர் வாதாட முடியும். உங்கள் தம்பிக்காக வாதாடுபவருக்கு அந்த வாதமே கிடையாது.

"அவனுக்குத் தெரியாமலே இருந்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது என்பது நல்ல எதிர்வாதம்தான். ஆனால் அதை யார் நிரூபிப்பது என்பதில் சிக்கல். நம் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது. 37ஆம் பிரிவின்படி, பிடிபட்ட பொருள் சட்டம் வகுத்த 'வணிக அளவு' என்றால், அவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் ஒழிய ஜாமீன் கிடைக்காது. ஹெராயினில் வணிக அளவு 250 கிராம். கப்பலில் பிடிபடுவது கிலோக்கணக்கிலும் டன்கணக்கிலும். தண்டனை பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை. எட்டுப் பேர் வேலை செய்யும் சிறு கப்பலில், கீழ்த்தட்டில் எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் தகடு வைத்து மறைத்திருந்தது எனக்குத் தெரியாது என்று ஒரு கடைநிலை மாலுமி நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை, அப்படிப்பட்டவர்களின் தாய்மார்கள் என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனின் வேலை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டே பக்கம். சம்பளம் டாலரில் தெளிவாக அச்சாகியிருந்தது. கப்பலின் பெயர் பேனாவால் எழுதி, அடித்து, வேறு பெயர் எழுதப்பட்டிருந்தது. கொடி என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு. உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டும். நல்லவேளையாக அந்தப் பையன் இன்னும் ஏறியிருக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் போதைப்பொருளைப் பற்றி எதுவும் இல்லைதான்; ஆனால் ஏதாவது நேர்ந்தால் அந்தப் பையனுக்காகக் கேட்க எந்த நாடும், பதில் சொல்ல எந்த ஆளும் இருக்கக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் நிறுவனம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அந்த இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் கேட்கவே கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சிடிசி ஆகியவற்றின் செலவு மட்டும் மாலுமியுடையது. பணம் கேட்டவர் உரிமம் இல்லாதவர் என்றால், அதை அந்த இயக்குநரகத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த வீட்டுப் பையனும் அதே ஏஜெண்டைத்தான் தேடிப்போவான்.

அடுத்து, கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணை, அதாவது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்ணைக் கேளுங்கள். ஏழு இலக்கம். கப்பலின் பெயரும் கொடியும் உரிமையாளரும் மாறினாலும் அந்த எண் கட்டியதிலிருந்து உடைக்கும் வரை மாறாது. அந்த எண்ணைக் கொண்டு 'ஈக்வாசிஸ்' என்ற இலவச இணையதளத்தில் கப்பலின் இப்போதைய கொடி, முந்தைய பெயர்கள், உரிமையாளர், துறைமுகச் சோதனைகளில் எத்தனை முறை நிறுத்தி வைக்கப்பட்டது என்பதையெல்லாம் பார்க்கலாம். கொடி அடிக்கடி மாறியிருந்தாலோ, பெயர் ஒன்றும் எண் ஒன்றுமாக இருந்தாலோ, 'கொடி தெரியவில்லை' என்று வந்தாலோ, அதற்குமேல் பேச்சே வேண்டாம். எண்ணைக் கொடுக்கவே தயங்கினால் அதுவே உங்களுக்கான பதில். பதிவுச் சான்றிதழின் நகல் வந்தால், அதை எந்த நாட்டின் பதிவகம் கொடுத்ததாகச் சொல்கிறதோ அந்தப் பதிவகத்துக்கே மின்னஞ்சல் எழுதிச் சரிபார்க்கலாம். ஏஜெண்ட் கொடுக்கும் முகவரிக்கு எழுதாமல், நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்த முகவரிக்கு எழுதுங்கள்.

தம்பி நாளை வேறொரு நல்ல கப்பலில் ஏறும்போதும் சிலவற்றை அவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தம், சிடிசி, பாஸ்போர்ட், கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. எண் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். பாதையில் திடீரென்று கப்பல் பெயரை அழித்து வேறு பெயர் எழுதச் சொன்னாலோ, இருப்பிடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை நிறுத்தச் சொன்னாலோ, இரவில் நடுக்கடலில் வேறு படகிலிருந்து மூட்டைகளை ஏற்றச் சொன்னாலோ, முடிந்தவரை அன்றே வீட்டுக்குத் தெரிவித்து, அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிட வேண்டும். எந்த நாட்டுப் படையாவது ஏறினால் எதிர்க்கக் கூடாது, ஓடக் கூடாது, யார் சொன்னாலும் எதையும் கடலில் வீசக் கூடாது. அந்த மூட்டையில் பதியும் கைரேகை எந்த வாதத்தையும் கெடுத்துவிடும். தன் பெயரும் நாடும் மறைக்காமல் சொல்லிவிட்டு, இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். கைதானவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டியது, 1963ஆம் ஆண்டின் வியன்னாத் தூதரக உடன்படிக்கைப்படி பிடித்த நாட்டின் கடமை. புரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்திடக் கூடாது.

கப்பலின் பெயரும் ஐ.எம்.ஓ. எண்ணும் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். கட்டணம் எதுவும் வேண்டாம், நானே பார்த்துச் சொல்கிறேன். அதுவரை தம்பியின் பாஸ்போர்ட்டும் சிடிசியும் ஏஜெண்டின் கைக்குப் போகாமல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.